மாயப்புனைவில் நோய் தீர்க்கும் ஆற்றலும் தெய்வ அருளும்: விதிகளை வகுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கதையில் ஒருவருக்கு நோய் தீர்க்கும் ஆற்றலைக் கொடுத்த நொடியிலிருந்து எழுதுபவருக்குச் சங்கடம் தொடங்கிவிடுகிறது. நாயகனின் மார்பில் வேல் பாய்ந்தாலும் வாசகர் பதறமாட்டார். அடுத்த பக்கத்தில் மருத்துவச்சி வந்து கையை வைத்துவிடுவாள் என்பது அவருக்குத் தெரியும். அவள் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்பார். தொடராக எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். மூன்றாம் அத்தியாயத்தில் யோசிக்காமல் கொடுத்த ஒரு வரம், முப்பதாம் அத்தியாயத்தில் வரவேண்டிய சாவைக் கெடுத்துவிடும். ஆகவே விதிகளை முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும். அதை எந்த வரிசையில் செய்வது என்பதையும், கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வாழ்கிறவர்கள் அதற்கு வேண்டிய மூலப்பொருளைத் தங்கள் காலடியிலேயே எப்படிக் கண்டெடுக்கலாம் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொல்ல இருக்கும் அடிப்படைக் கருத்து ஒன்றுதான். மந்திரத்தால் நோய் தீர்வது ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டது; அருளால் தீர்வது அருள்கின்றவரின் குணத்துக்குக் கட்டுப்பட்டது. இவ்விரண்டையும் கலந்துவிடுவதால்தான் பல கதைகளில் தெய்வம் ஒரு மருந்துக்கடையாகச் சுருங்கிவிடுகிறது.

முதற்படி: மந்திரமா, அருளா என்று முடிவுசெய்தல்

மந்திரத்துக்கு நம் மரபில் உள்ள மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, மகாபாரதத்தில் வரும் அசுரகுரு சுக்கிராச்சாரியாரின் மிருதசஞ்சீவினி, அதாவது மாண்டவரை எழுப்பும் மந்திரம். அதைக் கற்க வந்த தேவர் தரப்புச் சீடன் கசனை அசுரர்கள் கொன்று, எரித்து, சாம்பலை மதுவில் கலந்து குருவுக்கே கொடுத்துவிடுகிறார்கள். வயிற்றுக்குள் இருப்பவனை உயிர்ப்பித்தால் குரு சாவார். உயிர்ப்பிக்காவிட்டால் மகள் தேவயானி தாங்கமாட்டாள். எனவே வயிற்றுக்குள் இருக்கும் கசனுக்கே மந்திரத்தைக் கற்பிக்கிறார். அவன் வெளியே வந்து, இறந்து கிடக்கும் குருவை அதே மந்திரத்தால் எழுப்புகிறான். பின்னால், தன் காதலை அவன் மறுத்தபோது, கற்ற வித்தை அவனுக்குப் பலிக்காது என்று தேவயானி சபிக்கிறாள். தான் கற்பிக்கிறவனுக்குப் பலிக்கும் என்று அவன் பதில் சொல்கிறான். இந்தச் சிறு கதைக்குள் எத்தனை விதிகள் அடங்கியிருக்கின்றன என்று பாருங்கள். மந்திரம் கற்கத்தக்கது, யார் சொன்னாலும் வேலை செய்யும், களவாடலாம், சாபத்தால் ஒருவரிடம் மட்டும் முடக்கலாம், முடங்கிய பின்னும் கை மாற்றலாம். சொன்னவன் நல்லவனா கெட்டவனா என்று அது பார்ப்பதில்லை.

அருளுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் பண்ருட்டிப் பக்கம் போனால் போதும். கெடிலக்கரையில் இருக்கும் திருவதிகையில் நடந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் திருநாவுக்கரசரின் சூலைநோய் வரலாற்றைக் கதை கட்டும் கண்ணோடு ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் (நாவுக்கரசரின் இயற்பெயர்) சமணத்தில் சேர்ந்து, இன்றைய கடலூரின் ஒரு பகுதியான பாடலிபுத்திரத்துப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை பெறுகிறார். தம்பியை மீட்டுத் தரும்படி தமக்கை திலகவதியார் வேண்ட, இறைவன் அவருக்குச் சூலையைக் கொடுத்து ஆட்கொள்கிறார். பள்ளியில் இருந்தவர்கள் ஓதிய மந்திரம் பலிக்கவில்லை. அவர் இரவோடு இரவாக நடந்து தமக்கையிடம் வருகிறார், திருநீறு பெறுகிறார், பாடுகிறார், வலி விலகுகிறது. நோயை அனுப்பியதும் தீர்த்ததும் ஒரே கை. மருத்துவக் கதையாக எடுத்துக்கொண்டால் இதில் மருந்தே இல்லை. உறவு மட்டுமே இருக்கிறது: அக்காள், தம்பி, அவர்களுக்கு நடுவே ஒரு தெய்வம்.

அதே வரலாற்றில் பின்னால் பல்லவ மன்னனின் ஆணையால் அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளுகிறார்கள். அவர் ஐந்தெழுத்தைப் பாட, கல் மிதந்து திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரை சேர்க்கிறது. கரையேறவிட்டகுப்பம் என்ற ஊர்ப்பெயர் அந்த நினைவைத் தாங்கி நிற்கிறது. உங்கள் கதையில் உள்ள ஆற்றல் எவ்வகையது என்று சோதிக்க இங்கே ஒரு கேள்வி கிடைக்கிறது. அதே பாட்டை அதே கடலில் வேறொருவர் பாடினால் கல் மிதக்குமா? மிதக்கும் என்றால் நீங்கள் எழுதுவது மந்திரம். அது பாடியவரையும் கேட்டவரையும் பொறுத்தது என்றால் நீங்கள் எழுதுவது அருள்.

இவை பலருக்கு இன்றும் வாழும் நம்பிக்கை என்பதை மறக்கக் கூடாது. அமைப்பைக் கற்றுக்கொள்ளுங்கள், பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் எடுத்து உங்கள் பாத்திரங்களுக்குச் சூட்டிவிடாதீர்கள்.

இரண்டாம் படி: வள்ளுவரின் அளவுகோலால் அளத்தல்

மாயப்புனைவுக்கான விதிநூல்கள் எங்கெங்கோ கிடைக்கின்றன. நான் திருக்குறளின் மருந்து அதிகாரத்தையே பரிந்துரைப்பேன். 949-ஆம் குறள், மருத்துவம் கற்றவன் நோயாளியின் நிலையையும், நோயின் அளவையும், காலத்தையும் கருதிச் செயல்பட வேண்டும் என்கிறது. அடுத்த குறள், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து மருந்தை அளிப்பவன் என்று மருத்துவத்தையே நான்காகப் பிரிக்கிறது. இந்த ஏழையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றுக்கும் உங்கள் உலகத்தில் என்ன விடை என்று குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. குழந்தைக்கும் முதியவருக்கும் ஆற்றல் ஒரே மாதிரி வேலை செய்கிறதா? காயம் பட்டு எத்தனை நேரத்துக்குள் கை வைக்க வேண்டும்? தீர்ப்பவரே நோயுற்றால் தன்னைத் தீர்த்துக்கொள்ள முடியுமா?

இந்த ஏழில் எழுதுகிறவர்கள் எப்போதும் கோட்டை விடுவது உடனிருப்பவரைத்தான். இரவு முழுவதும் நெற்றித் துணி மாற்றியவள், ஓலைப்பாயைப் பிடித்துத் தூக்கி வந்த மச்சான், விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த சிறுமி ஆகியோர் இல்லாமல் மந்திரக் கை மட்டும் தனியே வந்து தொட்டுவிட்டுப் போனால் காட்சி வெறுமையாக இருக்கும். உடனிருப்பவருக்கு விதியிலேயே ஓர் இடம் கொடுத்துப் பாருங்கள். ஆற்றல் வேலை செய்ய, நோயாளியின் பெயரை அவரை நேசிக்கும் ஒருவர் இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று வைத்தால், யாருமற்றவனைக் காப்பாற்ற முடியாது என்ற கொடிய விளைவு தானாகவே பிறக்கிறது. ஒரு நாவலுக்கு அதுவே போதும்.

மூன்றாம் படி: உடலுக்குள் என்ன நடக்கிறது

எழுத்தாளர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். காட்சிகள் நம்பும்படி அமைவதற்கு ஆதாரம் இதில்தான் இருக்கிறது. கம்பரின் யுத்த காண்டத்தில், அனுமனிடம் கொண்டுவரச் சொல்லும் மருந்துகள் நான்கு: மாண்டவரை எழுப்புவது ஒன்று, பிளவுபட்ட உடலைப் பொருத்துவது ஒன்று, உடலில் தைத்த படைக்கலங்களை வெளியேற்றுவது ஒன்று, பழைய உருவத்தை மீட்டுத் தருவது ஒன்று. ஒரே மருந்து எல்லாவற்றையும் செய்துவிடுவதில்லை. கருவியை வெளியேற்றுவதும் பிளவைப் பொருத்துவதும் வேறு வேறு வேலைகள் என்ற அறிவு அங்கே இருக்கிறது. அம்பு முனை உள்ளே இருக்கும்போதே மேல்தோலை மந்திரத்தால் மூடிவிட்டால் என்ன ஆகும்? உள்ளே சீழ் கட்டும், காய்ச்சல் ஏறும், நோயாளி சில நாளில் இறப்பார். உங்கள் கதையில் பாதி கற்ற ஒரு சீடன் செய்யக்கூடிய மிக இயல்பான தவறு இதுதான்.

அந்த மருந்துகளுக்காக அனுமன் பெயர்த்தெடுத்த மலைக்கும் கடலூருக்கும் ஓர் உறவு உண்டு. திருவந்திபுரத்தில் தேவநாதப் பெருமாள் கோயிலுக்கு எதிரே ஹயக்ரீவர் எழுந்தருளியிருக்கும் குன்றின் பெயர் ஔஷதகிரி; அனுமன் தூக்கிச் சென்ற மலையிலிருந்து விழுந்த துண்டு அது என்பது தலபுராணம். மலையையே தூக்கிக்கொண்டு போனவன் வழியெல்லாம் எதையெதைச் சிந்தியிருப்பான் என்ற கேள்விக்கு ஓர் ஊர் தனக்குச் சாதகமாக விடை சொல்லிக்கொண்ட அழகு இது.

இனி, ஆற்றல் உடலுக்கு என்ன செய்கிறது என்பதைத் தேர்ந்தெடுங்கள். இயற்கையாக ஆறுவதை வேகப்படுத்துகிறது என்று வைத்தால், இயற்கையின் எல்லைகளும் கூடவே வரும். முறிந்த முன்கை எலும்பு ஒன்றுசேர ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். தொடை எலும்புக்கு அதைப்போல இருமடங்கு. அந்த ஆறு வாரத்தை ஒரு நாழிகையில் அடக்கினால், அத்தனை நாள் உணவும் அந்த ஒரு நாழிகைக்குள் தேவைப்படும். நோயாளி எழுந்ததும் பானையோடு சோற்றைக் கேட்பான். கொடுக்க இல்லாவிட்டால் அவன் சதையே கரையும். எலும்பை நேராக வைக்காமல் வேகப்படுத்தினால் கோணலாகச் சேரும். ஆகவே மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் நாட்டு வைத்தியருக்கு மந்திரவாதி வந்த பிறகும் வேலை இருக்கும். வளர்வதை வேகப்படுத்தும் ஆற்றல் புற்றுக்கட்டியையும் வளர்த்துவிடும். ஆறிய தழும்பு பழைய தோலின் முழு வலுவை ஒருநாளும் பெறுவதில்லை.

இதற்கு மாறாக, காலத்தைப் பின்னோக்கித் திருப்பி உடலைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகிறது என்று வைத்தால், பசி வராது, நினைவு போகலாம். நேற்றுப் பட்ட காயம் மறைந்தவனுக்கு நேற்றுச் சொன்ன காதலும் மறைந்திருக்கும். இரண்டில் எதை எடுத்தாலும் அதற்குள் கதை இருக்கிறது. ஒளி பாய்ந்தது, காயம் மறைந்தது என்று எழுதிக் கடந்துவிட்டால் இரண்டுமே கிடைக்காது.

குருதியைப் பற்றி ஒரு குறிப்பு. வளர்ந்தவர் உடலில் இருப்பது ஏறத்தாழ ஐந்து லிட்டர். அதில் பாதியை மணலில் சிந்தியவனின் காயத்தை மட்டும் மூடினால் அவன் எழுந்து வாள் சுழற்றமாட்டான். இதயம் நின்றால் நான்கைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்குகிறது. மருத்துவச்சி ஓடிவரும் தூரத்தை இந்தக் கணக்கோடு அமைத்தால் காட்சி இறுகும்.

நான்காம் படி: நோய் எங்கே போகிறது

விலை இல்லாத ஆற்றல் கதைக்கு உதவாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் விலை என்றதும் மூக்கில் இரத்தம் வழிவது, மயங்கி விழுவது என்று எழுதிவிடுகிறார்கள். அது ஒரு நாள் தூங்கினால் சரியாகிவிடும் விலை. அதற்குப் பதிலாக, நீங்கிய நோய் எங்கே போய்ச் சேர்கிறது என்று கேளுங்கள். திருவந்திபுரத்தில் நோய் தீர வேண்டிக்கொள்கிறவர்கள் உப்பும் மிளகும் வெல்லமும் சேர்த்துச் சேஷ தீர்த்தத்தில் இடும் வழக்கம் உண்டு. கோயில் வழக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, உப்பு கரைவது என்ற ஒரே செயலை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு கற்பனை விதியை இங்கே கட்டிக் காட்டுகிறேன்.

கழிமுகத்து மீனவக் குப்பம் ஒன்றில் தையல்நாயகி என்ற முதியவள் இருக்கிறாள். அவள் நோயாளியின் மேல் ஒரு கை கல்லுப்பை வைத்துப் பிடித்தால் நோய் உப்புக்குள் இறங்கும். அடுத்த நீர் வடிவதற்குள் அந்த உப்பைக் கடலில் கரைத்துவிட வேண்டும். கரைக்காவிட்டால் உப்பு யார் வீட்டில் இருக்கிறதோ அவர் மேல் நோய் ஏறும். விதி இவ்வளவுதான். நம் கரையில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வடிகிறது; ஏற்றத்துக்கும் வடிதலுக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி நேரம். ஆகவே கதைக்கு ஒரு கடிகாரம் கிடைத்துவிட்டது. ஒரு காட்சி எழுதிப் பார்ப்போம்.

திருக்கை முள் குத்திய சிறுவனைத் தோளில் போட்டுக்கொண்டு தாய் ஓடிவருகிறாள். கணுக்காலுக்கு மேல் கிழிந்த இடம் வெளுத்து, சுற்றிலும் நீலம் பாய்ந்திருக்கிறது. "கை வைங்க ஆயா" என்று கதறுகிறாள். கிழவி உப்புப் பானையைத் தொடவில்லை. "மொதல்ல கால வெந்நீர்ல வை. முள்ளு முறிஞ்சி உள்ள நிக்குதான்னு பாக்கணும்" என்கிறாள். பொறுக்கும் சூட்டில் கால் மூழ்கியதும் பையனின் அழுகை மெல்ல விம்மலாகத் தணிகிறது. விளக்கை அருகே இழுத்து, நகத்தால் புண்ணின் ஓரத்தை விலக்கி, கிழவி ரம்பப்பல் கொண்ட துண்டு ஒன்றை எடுத்து வாசலில் எறிகிறாள். பிறகுதான் வாசலுக்கு வந்து கடலைப் பார்க்கிறாள். நீர் வடியத் தொடங்கி வெகுநேரம் ஆகியிருக்கிறது.

இந்தக் காட்சியில் மந்திரம் இன்னும் தொடங்கவே இல்லை. திருக்கையின் நஞ்சு சூட்டில் சிதையக்கூடிய புரதம். வெந்நீரில் வைப்பது மருத்துவர்களும் சொல்லும் முதலுதவி. அவள் உண்மையான மருத்துவத்தை அறிந்தவள் என்பது தெரிந்ததும் அவளுடைய மந்திரத்தையும் வாசகர் நம்பத் தயாராகிவிடுகிறார். மேலும், அவள் கடலைப் பார்த்த பார்வையிலேயே விதி சொல்லப்பட்டுவிட்டது. இதற்கென்று தனிப் பத்தி வேண்டாம்.

விதியின் மறுபக்கத்தையும் தேட வேண்டும். கோடையில் முகத்துவாரம் மணல் மூடி அடைந்துவிட்டால் ஆற்றுப்பக்கத்து வீடுகளிலிருந்து உப்பு கடலுக்கு எப்படிப் போகும்? அவளுக்கு ஆகாத ஒருவன் அந்த உப்பை எடுத்து மரக்காணத்து உப்பளத்திலிருந்து சந்தைக்குப் போகும் மூட்டை ஒன்றில் கலந்துவிட்டால்? புயல் நாளில் யாருமே கரைக்குப் போக முடியாவிட்டால்? 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலைக் கண்டவர்களுக்கு அந்த ஒரு நாளே ஒரு முழுக் கதை. விதி சிறியதாகவும் இடம் குறிப்பானதாகவும் இருந்தால் நிகழ்ச்சிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: தெய்வத்துக்குக் குணம் கொடுத்தல்

அருளை எழுதும்போது எல்லாம் வல்ல தெய்வம் ஏன் உடனே தீர்க்கவில்லை என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. ஆற்றலுக்கு வரம்பு வைத்து இதற்கு விடை சொல்வது எளிது, ஆனால் சலிப்பூட்டும். குணத்தால் விடை சொல்வதே நம் மரபின் வழி. சுந்தரர் கதையைப் பாருங்கள். திருவொற்றியூரில், தாம் மணக்கவிருக்கும் சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டியவர், தாம் சத்தியம் செய்யும்போது கருவறையை விட்டு மகிழமரத்தடிக்குப் போய்விடும்படி இறைவனிடமே கேட்டுக்கொள்கிறார். இறைவனோ, மகிழமரத்தடியில் சத்தியம் வாங்கு என்று சங்கிலியாருக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார். சத்தியம் மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் போகிறது. திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் மட்டும் கிடைக்கிறது, காஞ்சியில் இடக்கண், திருத்துருத்தியில் உடற்பிணி நீங்குகிறது, திருவாரூரில்தான் வலக்கண். வழியெல்லாம் அவர் சண்டை போட்டுக்கொண்டே போகிறார். தோழன் என்ற உறவு இருப்பதால்தான் அந்தக் குறும்பும், தண்டனையும், தவணை முறையில் வரும் அருளும் பொருந்துகின்றன. அருளின் அளவையும் வேகத்தையும் இங்கே தீர்மானிப்பது நட்பு.

ஆகவே உங்கள் தெய்வத்துக்கு ஆற்றல் பட்டியல் எழுதாதீர்கள். அது எதைக் கேட்டால் கோபப்படும், யாரிடம் பாசம், எந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டிருக்கிறது, எதை வெட்கத்தால் மறைக்கிறது என்று எழுதுங்கள்.

நோயும் தெய்வமும் ஒன்றே என்ற எண்ணம் நம்மிடம் இருக்கும் இன்னொரு பெரும் செல்வம். பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததாக 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் சின்னம்மை கண்ட வீட்டில் இன்றும் வேப்பிலை செருகி, தாளிப்பதை நிறுத்தி, ஆத்தா வந்திருக்கிறாள் என்றே குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். அங்கே மருத்துவம் என்பது வந்த விருந்தாளியை மனம் கோணாமல் வழியனுப்பிவைப்பது. கொப்புளம் ஒவ்வொன்றும் அவள் முத்து. இந்த அமைப்பில் எதிரியே கிடையாது. நோயைத் திட்டினால் தெய்வத்தைத் திட்டியதாகும். மந்திரக்கோலை நீட்டி நோயை விரட்டும் கதைகளையே படித்து வளர்ந்தவர்கள் இந்த ஒன்றை எழுதிப் பார்த்தால் அவர்கள் உரைநடையே மாறும் என்று நினைக்கிறேன்.

அருள் வந்து ஆடுகிறவரை ஊரார் உடனே நம்பிவிடுவதும் இல்லை. எந்தச் சாமி வந்திருக்கிறது, எதற்கு வந்திருக்கிறது என்று பெரியவர்கள் கேள்வி கேட்பார்கள். உங்கள் உலகிலும் அருளை யார் சோதிக்கிறார்கள், பொய்யென்று தெரிந்தால் என்ன செய்கிறார்கள் என்பதை வகுத்துக்கொள்ளுங்கள்.

எல்லையும் வேண்டும். ஊர்த்தெய்வத்துக்கு ஊர் எல்லை உண்டு. மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கும் கடலூர் தேவனாம்பட்டினத்துக்கும் சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு வருகின்றன. ஆண்டில் ஒரு நாள் எல்லாத் தெய்வங்களும் தத்தம் எல்லையை விட்டுவிட்டு ஒரே மணற்பரப்பில் கூடியிருக்கும் உலகத்தைக் கற்பனை செய்யுங்கள். அன்று ஊர்களுக்கு யார் காவல்? அன்று பிறக்கும் குழந்தைக்கு நோய் வந்தால் யாரைக் கூப்பிடுவது?

ஆறாம் படி: சாவு

மாண்டவரை எழுப்ப முடியுமா என்பதை முதல் வரி எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள். முடியாது என்பதே பாதுகாப்பான விடை. முடியும் என்றால், எழுந்தவர் பழையபடி திரும்பக் கூடாது. அவிநாசியில் முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் பாடி மீட்டபோது, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு அவன் வெளியே வந்தான். மயிலாப்பூரில் பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையை எலும்பும் சாம்பலும் இருந்த குடத்திலிருந்து எழுப்பிய சம்பந்தர், அவளை மணந்துகொள்ளும்படி தந்தை வேண்டியபோது, உயிர் கொடுத்ததால் தாம் தந்தை முறை என்று மறுத்துவிட்டார். எழுப்பும் செயல் காலக்கணக்கையும் உறவுமுறையையும் மாற்றிவிடுகிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன கதைகள் அரிது. காதலியைக் காதலனே உயிர்ப்பிக்கும் உச்சக்காட்சியை எழுத நினைத்திருப்பவர்கள் பூம்பாவையை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

ஏழாம் படி: ஊர் எப்படி மாறும்

தொட்டுத் தீர்க்கும் ஒருத்தி இருக்கும் ஊர் அமைதியான குக்கிராமமாக இருக்க முடியாது. புதுச்சேரி ஜிப்மர் புறநோயாளிப் பிரிவுக்குக் கடலூர், விழுப்புரம், அதற்கும் அப்பாலிருந்து விடியுமுன் வந்து சேரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கையில் பழைய சீட்டுகள் அடங்கிய பிளாஸ்டிக் பை, தூக்குச் சட்டியில் இட்லி, வரிசையில் இடம்பிடித்துக் கொடுக்கும் உறவினர் என்று அத்தனையும் உங்கள் மந்திரக் குடிசை வாசலிலும் இருக்க வேண்டும். தேநீர்க் கடை முளைக்கும். முன்வரிசைக்குக் காசு வாங்குகிறவன் முளைப்பான். வரி கேட்டு அரசன் ஆள் அனுப்புவான். போரென்று வந்தால் எதிரி முதலில் குறிவைப்பது அவளைத்தான். 1783-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கடலூரில் மோதியது போன்ற ஒரு முற்றுகையைக் களமாக எடுத்தால், கோட்டைக்குள் அவள் இருக்கிறாள் என்ற வதந்தி ஒரு பீரங்கிக்குச் சமம்.

எந்த நோய்க்கு முதலிடம் என்பதையும் யாரோ முடிவு செய்தாக வேண்டும். வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கியபோது பசியையே முதலில் தீர்க்க வேண்டிய பிணியாக எடுத்துக்கொண்டார்; அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இருக்கிறது. தங்கள் கதையின் அருளாளர் வெட்டுக்காயங்களை மட்டுமே தீர்த்துக்கொண்டிருக்க, வாசலில் பட்டினி கிடப்பவர்களை அவர் கவனிக்கவே இல்லை என்பதைப் பல எழுத்தாளர்கள் கவனிப்பதில்லை.

எட்டாம் படி: விதியைச் சொல்லும் நேரமும், ஓட்டையை அடைக்கும் முறையும்

உச்சக்காட்சியில் பயன்படப்போகும் விதியை அதற்கு வெகு முன்பே, முக்கியமில்லாத ஒரு நோயின் மேல் காட்டிவிட வேண்டும். எடுத்துக்காட்டுக் கதையில், திருக்கை முள் குத்திய பையனின் உப்பை அவன் அக்காள் கடலுக்குக் கொண்டு ஓடும் காட்சி மூன்றாம் அத்தியாயத்தில் இருந்தால், இருபதாம் அத்தியாயத்தில் மணல் அடைத்த முகத்துவாரம் வாசகரை நடுங்க வைக்கும். மந்திரத்தின் விதியைக் கிட்டத்தட்ட முழுவதும் சொல்லலாம். அருளைப் பற்றி அதிகம் விளக்கக் கூடாது. தெய்வத்தின் குணம் மட்டும் வாசகருக்குப் பழகியிருந்தால் போதும். கடைசியில் அது என்ன செய்தாலும், வேறு எப்படிச் செய்யும் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

எழுதி வெளிவந்துவிட்ட அத்தியாயத்தில் ஓட்டை இருப்பது பிறகு தெரியவந்தால், புதிய விதி ஒன்றைத் திடீரென்று அறிவித்து அடைக்காதீர்கள். வால்மீகி செய்ததைப் பாருங்கள். மருந்து மலையின் காற்று பட்டதும் மாண்ட வானரர் எல்லாம் எழுந்தால், அதே களத்தில் மாண்ட அரக்கர் ஏன் எழவில்லை என்று யாரும் கேட்பார்கள். மருந்து நல்லவர்களுக்கு மட்டுமே பலிக்கும் என்று அவர் சொல்லவில்லை. தன் படையில் மாண்டவர் எத்தனை பேர் என்று எதிரி எண்ணிவிடக் கூடாது என்ற கௌரவத்தால், இறந்த அரக்கரை உடனுக்குடன் கடலில் எறிந்துவிடும்படி இராவணன் முதலிலிருந்தே ஆணையிட்டிருந்தான். எழுப்புவதற்குக் களத்தில் உடல்களே இல்லை. உங்கள் ஓட்டைக்கும் இதே வழியில், ஏற்கெனவே கதையில் இருக்கும் ஒருவரின் ஆணவத்திலோ பயத்திலோ பேராசையிலோ விடை தேடுங்கள். அவர் முன்பே செய்துவிட்ட ஒரு செயலாக அதை வைத்து, பழைய அத்தியாயங்களில் அதற்கு இடம் கொடுக்கும் வரி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.